ஒளிவிழாச் சாப்பாட்டுக்கு எல்லை கடந்து பொருள் வாங்கலாமா? ஏற்பாட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஒளிவிழா ஏற்பாட்டுக் குழுவினருக்கும், ஒஸ்லோவிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எமது கத்தோலிக்கப் பங்கின் தமிழ் உறவுகளுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நத்தார் (கிறிஸ்மஸ்) ஒளிவிழாவுக்கு வேண்டிய கோழி இறைச்சி, பன்றி இறைச்சி, வெண்ணெய், பாற்கட்டி, குளிர்பானம், பிள்ளைகளுக்கான இனிப்புப் பொதிகள் ஆகியவற்றை இங்கே வாங்காமல், ஒரு சனிக்கிழமை இரண்டு மூன்று வான்களில் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு ஸ்வீனசுண்ட் பாலத்தைக் கடந்து சுவீடனில் வாங்கிவரலாம் என்ற யோசனை கடந்த கூட்டத்தில் முன்வைக்கப்பட்டது. பெரும்பாலானோர் அதனை வரவேற்றனர். முடிவு அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டிருப்பதால், அதற்கு முன் என் கருத்தை எல்லோரும் வாசிக்கும்படி எழுத்தில் வைக்க விரும்புகிறேன். சமையற்குழுவில் நெடுங்காலமாக நிற்பவள் என்ற வகையில் விலைவாசி எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அந்த யோசனையைச் சொன்ன அண்ணாவின் நல்லெண்ணத்திலும் எனக்கு ஐயம் இல்லை. ஆயினும் பொதுப்பணத்தில், பொது விழாவுக்கு, இந்த வழியில் பொருள் வாங்குவது தவறு என்றே நான் கருதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தனிக் குடும்பங்கள் நத்தாருக்குச் சுவீடன் சென்று சாமான் வாங்குவதை நான் குறைகூறவில்லை. ஒருவர் மட்டும் உழைத்து நான்கைந்து பேர் சாப்பிடும் வீட்டில், துப்புரவு வேலையும் சமையலறை வேலையும் செய்து சேர்த்த காசை எங்கே செலவழிப்பது என்பதை அந்த வீட்டாரே முடிவு செய்ய வேண்டும். 2002 இல் அன்றைய விவசாய அமைச்சர் லார்ஸ் ஸ்பூன்ஹைம், இறைச்சி வாங்கச் சுவீடனுக்கு ஓடுவது நாகரிகமற்ற செயல் என்ற பொருள்பட இகழ்ந்து பேசினார். அந்தப் பேச்சினால் இறைச்சி விலை ஒரு குரோனர்கூடக் குறையவில்லை. எல்லைக்குப் போகும் வாகனங்களும் குறையவில்லை. வசதி உள்ளவர் வசதி குறைந்தவரின் சாமான் பையைப் பார்த்து முகம் சுளிப்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்காது. எனவே என் மடலைப் படித்துவிட்டு, எல்லைக்குப் போய்வரும் எவரையும் யாரும் குத்திப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

விலை வித்தியாசத்துக்கு உண்மையான காரணங்கள் உண்டு. நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்கிறது. தன் விவசாயிகளைக் காப்பதற்காக இறைச்சிக்கும் பாற்பொருட்களுக்கும் உயர்ந்த இறக்குமதித் தீர்வை விதிக்கிறது. நிலப்பரப்பில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே பயிர் செய்யக்கூடிய நாட்டில், மலைச்சரிவுகளிலும் வடக்கே பனிப் பிரதேசத்திலும் மாடு ஆடு வளர்ப்பவர்கள் தொழிலை விட்டுவிடாமல் இருப்பதற்கு அது தேவைப்படுகிறது. இதனை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விலை உயர்வுக்கு விவசாயி மட்டும் காரணம் அல்லர். நோர்கெஸ்குருப்பன், கோப், ரேமா 1000 ஆகிய மூன்று குழுமங்களே நாட்டின் மளிகைச் சந்தையின் மிகப் பெரும் பங்கைக் கையில் வைத்திருக்கின்றன. 2004 இல் கடை திறந்த லிடில் நிறுவனம் 2008 இல் எல்லாவற்றையும் ரேமாவுக்கு விற்றுவிட்டுப் போனது. ஈக்கா நிறுவனம் 2015 இல் தன் கடைகளைக் கோப்பிடம் கொடுத்துவிட்டு வெளியேறியது. போட்டி குறைந்த இடத்தில் விலை தானாக இறங்காது. உணவுக்கான பெறுமதி சேர் வரி இங்கே 15 விழுக்காடு. சுவீடனில் 12 ஆக இருந்ததை, 2026 ஏப்ரல் முதல் 6 ஆகக் குறைப்பதாக அந்நாட்டு அரசு அறிவித்தது. ஆகவே எல்லைக்கு அப்பால் மலிவு என்பது மறுக்க முடியாத உண்மை.

2011 ஆம் ஆண்டு நத்தாரை மறந்தவர் எம்மிடையே இருக்க முடியாது. அந்த மார்கழியில் நாடு முழுவதும் கடைகளில் வெண்ணெய் இல்லாமற் போனது. கோடையில் பெய்த மழையால் தீவனம் கெட்டுப் பால் உற்பத்தி குறைந்திருந்தது; மாச்சத்தைக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிச் சாப்பிடும் உணவுமுறை ஒரு அலையாகப் பரவி வெண்ணெய்த் தேவையைக் கூட்டியிருந்தது; வெளியிலிருந்து கொண்டுவருவதற்கோ கிலோவுக்கு 25 குரோனர் அளவில் தீர்வை இருந்தது. டீனே என்ற பாற்பொருள் கூட்டுறவு நிறுவனம் ஒன்றையே நம்பியிருந்த சந்தை தடுமாறிப் போனது. நத்தார் கேக்குக்கு ரவையை வறுத்து, கஜுவையும் பிளம்ஸையும் நறுக்கி, இஞ்சிப்பாகிலும் பிராண்டியிலும் ஊறவைத்துவிட்டு வெண்ணெய்க்காகக் கடை கடையாக ஏறி இறங்கிய அக்காமார் இதை வாசிக்கும்போது தலையசைப்பார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் கேக் மாஜரீனில் செய்யக்கூடியது அல்ல. முட்டையும் வெண்ணெயும் சீனியும் நுரைக்க நுரைக்க அடிபட்டால்தான் ரவை பொங்கும். தொண்ணூறு கிலோ வெண்ணெயை வாகனத்தில் மறைத்துக் கொண்டுவந்த ஒருவர் எல்லையில் பிடிபட்ட செய்தி உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. கடைசியில் அரசு தீர்வையைக் கிலோவுக்கு 4 குரோனராகத் தற்காலிகமாகக் குறைத்தது. அந்த ஆண்டு சுவீடனில் வெண்ணெய் வாங்கியவரை எவரும் குறை சொல்லியிருக்க முடியாது, ஏனெனில் இங்கே வாங்குவதற்கு வெண்ணெயே இருக்கவில்லை. இன்று நிலைமை அப்படி இல்லை. கடைத் தட்டுகளில் எல்லாம் இருக்கின்றன. இப்போதைய கேள்வி விலை பற்றியது மட்டுமே.

இனி, என்னைப் பெரிதும் வருத்தும் விடயத்துக்கு வருகிறேன்.

சுங்கவிதி தனி மனிதருக்குக் கொடுத்திருக்கும் சலுகையைத்தான் நாம் பயன்படுத்தப் போகிறோம். இறைச்சி, இறைச்சியாற் செய்த பொருட்கள், பாற்கட்டி எல்லாம் சேர்த்து ஒருவர் 10 கிலோ வரை தீர்வையின்றிக் கொண்டுவரலாம். 24 மணி நேரத்துக்குக் குறைவாக நாட்டுக்கு வெளியே இருந்தால், வாங்கிவரும் பொருட்களின் மொத்தப் பெறுமதி 3000 குரோனரைத் தாண்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட நேரம் தங்கியவருக்கு அது 6000. இருவருடைய வரம்பைக் கூட்டி ஒரே பொருளைக் கொண்டுவரவும் அனுமதி இல்லை. உருளைக்கிழங்கு கொண்டுவருவது அடியோடு தடை; கட்லற்றுக்கு வேண்டிய கிழங்கையும் சேர்த்து அங்கேயே வாங்கலாம் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னபோது இதனை எடுத்துரைக்க எனக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சலுகை சொந்தப் பாவனைக்கும் அன்பளிப்புக்கும் மட்டுமே உரியது. விற்பனைக்காகக் கொண்டுவரப்படும் பொருளுக்கு அது பொருந்தாது.

நாம் என்ன செய்யப் போகிறோம்? குழுவின் பணத்தைப் பத்துப் பன்னிரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்து, ஒவ்வொருவர் பெயரிலும் பத்துக் கிலோவாக இறைச்சியை வாங்கி, பாலத்தைக் கடந்ததும் எல்லாவற்றையும் ஒரே உறைபெட்டியில் கொட்டி, அதிற் செய்த றோல்ஸையும் கட்லற்றையும் பற்றீஸையும் ஒளிவிழா மண்டபத்தின் சிற்றுண்டிச்சாலையில் விலைக்கு விற்கப் போகிறோம். சாப்பாட்டுக்கு நுழைவுச்சீட்டும் விற்கிறோம். இதில் சொந்தப் பாவனை எங்கே இருக்கிறது? வாகனத்தில் உட்கார்ந்து வரும் இளைஞனிடம் சுங்க அதிகாரி, இது யாருக்கு என்று கேட்டால் அவன் என்ன சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்? உண்மையைச் சொன்னால், தீர்வைக்குரிய பொருளை அறிவிக்கும் சிவப்பு வழியாகச் சென்று இறைச்சிக்குரிய தீர்வையைக் கட்ட வேண்டும். கட்டினால், மிச்சம் பிடிக்க நினைத்த பணம் போய்விடும். பொய் சொன்னால், எமது பங்கின் பெயரால், அதுவும் பாலன் பிறப்பு விழாவின் பெயரால், ஒரு பிள்ளையைப் பொய் சொல்ல வைத்தவர்கள் நாமாவோம். பொருளைப் பறிமுதல் செய்து அபராதம் விதிப்பார்கள் என்ற பயத்தைவிட, இந்தப் பொய்யே என் மனத்தை அதிகம் உறுத்துகிறது.

“அவர்கள் எல்லா வாகனத்தையும் மறிப்பதில்லை” என்று கூட்டத்தில் சொல்லப்பட்டது. அது உண்மையாகவே இருக்கலாம். நத்தாருக்கு முந்திய வார இறுதிகளில் ஈ6 நெடுஞ்சாலையில் வாகனங்கள் நிரைகட்டி நிற்கும்போது அத்தனையையும் மறித்துப் பார்க்க எந்த அதிகாரியாலும் முடியாது. ஆனால் மறிக்கமாட்டார்கள் என்பதை ஒரு பொது அமைப்பு தன் கணக்கில் காரணமாக எழுத முடியுமா? எங்கள் வரவு செலவுக் கணக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படுகிறது. ஒவ்வொரு பற்றுச்சீட்டும் கோப்பில் இருக்கிறது. அந்தக் கோப்பில், பத்துப் பேர் பெயரில் ஒரே கடையில் ஒரே நேரத்தில் வாங்கிய கோழி இறைச்சியின் பற்றுச்சீட்டுகளை அடுக்கிவைத்துவிட்டு, நிதியுதவி கேட்டு நகரசபைக்கு விண்ணப்பம் எழுத எனக்குத் துணிவு வராது.

அடுத்து, மிச்சம் என்று சொல்லப்படும் தொகையைப் பார்ப்போம். ஒஸ்லோவிலிருந்து ஸ்வீனசுண்டுக்கு ஏறத்தாழ 110 கிலோமீற்றர். போக வர இரட்டிப்பு. எரிபொருள், வீதிக்கட்டணம், வழியில் ஆட்களுக்குத் தேநீரும் சாப்பாடும், ஒரு முழுச் சனிக்கிழமை. முன்பு நூறு நோர்வே குரோனருக்கு நூற்றுப் பத்து, நூற்றுப் பதினைந்து சுவீடன் குரோனர் கிடைத்த காலம் இருந்தது; அண்மைய ஆண்டுகளில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்துவிட்டன. இனிப்பு விடயத்திலும் பழைய கணக்கு மாறிவிட்டது. 2018 இல் சொக்லேற்றுக்கும் இனிப்புப் பண்டங்களுக்கும் உரிய வரியை 80 விழுக்காட்டுக்கும் மேல் உயர்த்தியபோது, இனிப்பு வாங்க எல்லைக்குப் போவது ஒரு பழக்கமாகவே ஆனது. அந்த வரி 2021 ஜனவரியில் நீக்கப்பட்டது. குளிர்பானங்களுக்கான வரியும் அதே ஆண்டு ஜூலையில் நீக்கப்பட்டது. அங்கே இன்னமும் மலிவுதான்; ஆனால் பத்தாண்டுகளுக்கு முன்பு இருந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைக்குத் திட்டம் போடுவது சரியல்ல.

பன்றி இறைச்சி விடயத்தில் நிலைமை தலைகீழானது. நத்தாருக்கு நோர்வீஜியர் வீடுகளில் பன்றி விலா வாட்டுவது வழக்கம் என்பதால், கார்த்திகை கடைசியிலிருந்தே பெரிய கடைகள் ஒன்றோடு ஒன்று போட்டியிட்டு அதனை அடக்கவிலைக்கும் கீழே விற்கின்றன. வாடிக்கையாளரைக் கடைக்குள் இழுப்பதற்காகச் செய்யும் வேலை அது. ஒருமுறை உள்ளே வந்தவர் மற்றச் சாமானையும் வாங்கிச் செல்வார் என்பது அவர்கள் கணக்கு. அந்த வாரங்களில் விலா இறைச்சி சுவீடனை விட இங்கேதான் மலிவு. பன்றி இறைச்சிக் கறி இல்லாமல் யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்க வீட்டில் நத்தார் இல்லை. மிளகும் கறித்தூளும் போட்டு வற்றவைக்கும் கறிக்குக் கொழுப்பும் எலும்பும் கலந்த இந்த விலாத் துண்டைவிடப் பொருத்தமான இறைச்சி வேறில்லை. எமது பெரிய சட்டிக்கு வேண்டியதை இங்கேயே வாங்கலாம் என்றிருக்க, அதனையும் எல்லைக்கு அப்பால் வாங்கும் பட்டியலில் எழுதியிருப்பது எனக்கு விளங்கவில்லை. (இதே போட்டியில் ஒரு காலத்தில் குழந்தைகளின் அணையாடைகள் இங்கே அவ்வளவு மலிவாக விற்கப்பட்டதால், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து வாகனம் நிறைய வாங்கிப் போனார்கள். எல்லை கடந்த வியாபாரம் எப்போதும் ஒரே திசையில் நடப்பதில்லை.)

எமது தமிழ்க் கடைகளைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடிக்க முடியாது. ஒளிவிழா மலரைத் திறந்து பாருங்கள். விளம்பரம் தந்திருப்பவர்கள் யார்? அதிர்ஷ்டலாபச் சீட்டுக்கு அரிசி மூட்டையும் பரிசுக் கூடையும் தந்தவர்கள் யார்? ஸ்வீனசுண்டிலும் சுவீடனின் எல்லை நகரான ஸ்ட்ரோம்ஸ்தாத்திலும் உள்ள பெருங்கடைகள் அல்ல. அங்கேயிருக்கும் நூர்ட்பி வணிக வளாகம் நோர்வேயின் பெருஞ்செல்வராயிருந்த ஊலாவ் தூன் கட்டியெழுப்பிய குழுமத்துக்குச் சொந்தமானது. எமது சில ஆயிரம் குரோனரால் அதற்கு ஆவதும் இல்லை, குறைவதும் இல்லை. கடந்த ஆண்டு விழா அன்று பிற்பகல், சோறு இறக்கிய பிறகு, தேங்காய்ப்பால் போதவில்லை என்று தெரிந்தது. தொலைபேசியில் அழைத்ததும், பூட்டிய கடையைத் திறந்து ஒரு பெட்டி தேங்காய்ப்பால் ரின்களைத் தன் வாகனத்திலேயே மண்டபத்தின் பின்வாசலுக்குக் கொண்டுவந்து இறக்கிய தம்பியை நீங்களும் பார்த்தீர்கள். காசை நாளைக்குத் தாருங்கள் அக்கா என்று சொல்லிவிட்டு, சப்பாத்திலிருந்த பனியைத் தட்டிக்கொண்டு போனார். அவரிடம் விளம்பரமும் பரிசும் வாங்கிக்கொண்டு, பெரிய கொள்வனவு என்று வரும்போது மட்டும் அடுத்த நாட்டுக்கு வான் பிடிப்பது எந்த வகையில் நியாயம்?

அவருடைய கடையில் கோழி இறைச்சி பெருங்கடையை விடச் சற்று விலை கூடத்தான். அதையும் மறைக்கவில்லை. ஆனால் நாற்பது ஐம்பது கிலோ என்று ஒரே தடவையில் முன்கூட்டியே சொன்னால் மொத்த விலைக்கு எடுத்துத் தர அவரைப் போன்ற கடைக்காரரால் முடியும். நாம் இதுவரை யாரிடமும் அப்படிக் கேட்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் கடைசி வாரத்தில் பட்டியலை நீட்டி, சில்லறை விலைக்கு வாங்கி, பிறகு விலை அதிகம் என்று கவலைப்படுகிறோம்.

எல்லை வணிகம் என்பது வெறும் விலைப்பட்டியல் அல்ல என்பதைப் பெருந்தொற்றுக் காலம் எல்லோருக்கும் காட்டியது. அதற்கு முந்திய 2019 இல் நோர்வே மக்கள் ஒரு நாட் பயணங்களில் ஆயிரம் கோடிக் குரோனருக்கும் மேல் எல்லைக்கு அப்பால் செலவழித்தார்கள். 2020 மார்ச்சில் எல்லை மூடப்பட்டதும் நோர்வேயின் எல்லை நகரான ஹால்டன் பக்கத்துக் கடைகளில் விற்பனை பெருகியது. பாலத்துக்கு அப்பால் ஸ்ட்ரோம்ஸ்தாத்தில் கடைகள் வெறிச்சோடி, அங்கே வேலை செய்தவர்கள் வேலை இழந்தார்கள். அவர்களும் எம்மைப் போன்ற உழைப்பாளிகளே. அவர்களுக்குக் கெடுதல் வர வேண்டும் என்பது என் விருப்பம் அல்ல. பணம் எங்கே செலவாகிறதோ அங்கேதான் வேலையும் இருக்கும் என்பதைச் சொல்லவே இதனைக் குறிப்பிடுகிறேன். எண்பதுகளில் வந்து, நாட்டின் வடகோடியிலுள்ள பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்த மூத்தவர்கள் எமது பங்கில் இருக்கிறார்கள். தொழிற்சாலை மூடி, ஆட்கள் இடம்பெயர, கடைசியில் ஊரின் ஒரே கடையும் மூடப்படும்போது ஒரு கிராமம் எப்படி வெறுமையாகிறது என்பதை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

விலை பற்றிய கோபம் நியாயமானது. அதனை வெளிப்படுத்த வேண்டிய இடம் நாடாளுமன்றமும் சந்தைப் போட்டியைக் கண்காணிக்கும் அதிகார சபையும். வாக்குரிமை உள்ள மக்களாக, கட்சிகளில் பொறுப்புகளில் இருக்கும் பிள்ளைகளைப் பெற்ற சமூகமாக, அந்தக் கேள்வியை எழுப்ப எமக்கு வழி உண்டு. அதற்கு ஒரு கூட்டம் கூட்டினால் முதல் ஆளாக நான் வருவேன்.

குழுவினரிடம் நான் கேட்பது இவைதான். பொதுப்பணத்தில் சுவீடனில் இறைச்சி வாங்கும் யோசனையைக் கைவிடுங்கள். கோழி இறைச்சியை இரண்டு தமிழ்க் கடைகளிடமும் ஒரு மொத்த விற்பனை நிலையத்திடமும் எழுத்தில் விலை கேட்டு வாங்குங்கள். விலை கேட்கும் வேலையை நானே செய்கிறேன். பன்றி விலாவைக் கடைகளின் விலைப்போட்டி தொடங்கும் கிழமையில் வாங்கி உறையவைக்கலாம்; ஒருவருக்கு இவ்வளவுதான் என்று கடைகள் கட்டுப்பாடு விதிப்பதுண்டு என்பதால் நாலைந்து பேர் பிரிந்து நின்று வாங்க வேண்டியிருக்கும், அதில் விதிமீறல் எதுவும் இல்லை. இவ்வளவு செய்தும் பணம் போதாமற் போனால், சாப்பாட்டில் ஒரு கறியைக் குறைப்போம், அல்லது நுழைவுச்சீட்டின் விலையைக் கூட்டாமல் வசதியுள்ள குடும்பங்களிடம் வெளிப்படையாக உதவி கேட்போம். கேட்டால் தருபவர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். பாலன் குடிலுக்கு ஒவ்வோர் ஆண்டும் யாரோ ஒருவர் சொல்லாமலே செலவு செய்துவிட்டுப் போகிறார்.

தன் வீட்டுத் தேவைக்குச் சுவீடன் போகும் ஒருவர், தன் சொந்தச் சலுகைக்குள் ஒரு கேக்கையோ பாற்கட்டியையோ வாங்கி விழாவுக்கு அன்பளிப்பாகக் கொண்டுவந்தால் அதனை நாம் மகிழ்ச்சியோடு ஏற்கலாம். அதனை விற்காமல் மேசையில் வைத்து எல்லோருக்கும் பகிர வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இந்த விடயத்தை முதலாவதாக வைக்கும்படி செயலாளரைத் தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். கேக்குக்குப் பழம் ஊறப்போடும் நாள் நெருங்குகிறது; வெண்ணெய், கஜு, பிளம்ஸ் ஆகியவற்றுக்கான முன்பணத்தையாவது அன்றைக்கே ஒதுக்கித் தந்தால், சமையற்குழுவினர் அந்தக் கிழமையிலேயே வேலையைத் தொடங்க முடியும்.

அன்புடனும் மரியாதையுடனும்,
சமையற்குழுவில் உள்ள உங்கள் சகோதரி ஒருத்தி
ஒஸ்லோ